லொறி எஞ்சினுக்கு றிங் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

வாகன இறக்குமதியை அரசாங்கம் 2020 மார்ச்சில் நிறுத்திய பின்னர், வடக்கு, கிழக்கில் ஓடிக்கொண்டிருந்த பழைய லொறிகளுக்கு மாற்று இல்லாமல் போனது. 2025 இல் தடை தளர்த்தப்பட்ட போதும் வரியும் விலையும் சேர்ந்து புதிய லொறியைச் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத ஒன்றாகவே வைத்திருக்கின்றன. போரில் எல்லாவற்றையும் இழந்து, மீள்குடியேறிய பின் கடன்பட்டு ஒரு பழைய லொறியை வாங்கி, நெல்லும் மணலும் மரக்கறியும் ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. எஞ்சின் படுத்தால் வருமானம் அன்றோடு நின்றுவிடும். கடன் தவணை நிற்காது. அதனால்தான் எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிப்பது இன்று பலருக்கு ஒரே வழியாக இருக்கிறது.

அந்த வேலையில் மிகவும் மலிவான பாகங்களில் ஒன்று பிஸ்டன் றிங். ஆனால் அது பிழைத்தால் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டி வரும்.

பெரும்பாலான டீசல் லொறிகளில் ஒவ்வொரு பிஸ்டனிலும் மூன்று றிங்குகள் இருக்கும். மேல் றிங் எரிவாயுவின் அழுத்தம் கீழே கசியாமல் தடுக்கிறது. பிஸ்டனின் வெப்பத்தைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துவதும் அதுதான். இரண்டாவது றிங், கசியும் மிச்ச அழுத்தத்தைத் தடுப்பதோடு ஒயிலையும் வழிக்கிறது. மூன்றாவது, ஒயில் றிங். சுவரில் மெல்லிய படலத்தை மட்டும் விட்டு மீதியைக் கீழே அனுப்புகிறது. நீலப் புகை, அடிக்கடி ஒயில் குறைதல், ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுதல் ஆகியவை றிங் தேய்ந்ததன் அறிகுறிகள். கறுப்புப் புகை மட்டும் வந்தால் முதலில் காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். அதற்காக எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

றிங் எந்த அளவில் வேண்டும் என்பதைச் சொல்வது பெட்டியோ லொறியின் மொடலோ அல்ல, சிலிண்டர்தான். ஸ்டான்டர்ட் அளவுக்கு மேலே 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று ஓவர்சைஸ் றிங்குகள் வருகின்றன. முன்னர் ஒருமுறை ரீபோர் செய்யப்பட்ட எஞ்சினுக்கு ஸ்டான்டர்ட் றிங் வாங்கினால் பணம் வீண். பிஸ்டனின் தலையில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். அதோடு லேத் கடையில் சிலிண்டரை மேலும் நடுவிலும் கீழும் அளப்பியுங்கள். தேய்மானம் மேற்பகுதியில்தான் அதிகம் இருக்கும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காமல், இருப்பதை அராவிப் பொருத்தி ஓட்ட வேண்டிய நிலை இருந்தது. பெரிய றிங்கின் முனையை அராவித் தேய்ந்த சிலிண்டருக்குள் போடும் யோசனை இன்றும் சொல்லப்படுகிறது. அது நிலைக்காது. ஒவ்வொரு றிங்கும் அதற்குரிய விட்டத்துக்குள் அமுங்கும்போதுதான் சரியான வட்டமாகும். 0.50 ஓவர்சைஸ் றிங்கை ஸ்டான்டர்ட் சிலிண்டருக்குள் நுழைக்க முனையில் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் அராவ வேண்டும். நுழைந்த பிறகும் அது சுவரை அங்கங்கேதான் தொடும். றிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அடியிலிருந்து ரோர்ச் அடித்துப் பார்த்தால், தொடாத இடங்களில் வெளிச்சம் கசியும்.

சரியான றிங் கிடைத்தாலும் முனை இடைவெளியைப் பார்க்காமல் போடக்கூடாது. றிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மட்டமாகக் கீழே தள்ளி, தேய்வு குறைந்த அடிப்பகுதியில் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. பொதுவாக 100 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 0.30 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருக்கும். இதைவிடக் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி றிங் உடையும், சிலிண்டரும் கீறுப்படும். சிலிண்டரின் விட்டம் 0.20 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் இடைவெளி 0.60 க்கும் மேல் கூடிவிடும். அந்த நிலையில் புதிய றிங்கால் பயனில்லை. ரீபோர் செய்ய வேண்டும் அல்லது லைனர் மாற்ற வேண்டும். இடப்பெயர்வில் கைவிடப்பட்டு மழையில் கிடந்து, சுவரில் துருக்குழி விழுந்த எஞ்சினுக்கும் இதுவேதான்.

அடுத்தது உலோகம். சாதாரண வார்ப்பிரும்பு லைனருக்குக் குரோம் பூசிய மேல் றிங் நல்லது. நீண்ட காலம் உழைக்கும். ஆனால் சில ஜப்பானிய எஞ்சின்களில் லைனரின் உட்சுவரே குரோம் பூசப்பட்டது. அதற்குள் குரோம் றிங் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கீறிக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால், உட்சுவரின் அடி ஓரத்தில் ஒயிலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மயில்துத்தக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரும்பாக இருந்தால் செம்பு நிறம் படியும், குரோமில் படியாது. பார்த்ததும் கழுவித் துடைத்துவிடுங்கள்.

பழைய பிஸ்டனையே போடுவதானால் பள்ளங்களில் உள்ள கரியை முழுவதும் எடுத்துவிட்டு, புதிய றிங் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். பள்ளம் தேய்ந்திருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். ரேர்போ எஞ்சின்கள் பலவற்றில் மேல் றிங் ஆப்பு வடிவில் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குத் தட்டையான றிங் பொருந்தாது. பழைய றிங்கைக் கடைக்குக் கொண்டுபோய் உயரத்தையும் வடிவத்தையும் ஒப்பிட்டு வாங்குவது பாதுகாப்பு.

பூட்டும்போது றிங்கில் எழுத்து அல்லது புள்ளி உள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும். மூன்று முனைகளும் ஒரே நேர்கோட்டில் வராமல் விலகி நிற்க வேண்டும். ஹோன் செய்த சிலிண்டரைச் சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, உடனே துடைத்து ஒயில் பூசுங்கள். டீசலால் மட்டும் கழுவினால் உரைத்த தூள் சுவரிலேயே தங்கிப் புதிய றிங்கைத் தின்றுவிடும். ஓடத் தொடங்கிய பின் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து இயக்க வேண்டாம். அளவான பாரத்தோடு ஓடினால்தான் றிங் சுவரில் படியும்.

எனவே கழற்று, கழுவு, அள, பிறகு வாங்கு என்பதே ஒழுங்கு. கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பும் முன், அளந்த எண்களை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகத் தாளில் எழுதித் தரும்படி லேத் கடையில் கேளுங்கள். அந்தத் தாளோடு போனால் கடைக்காரர் தருவது சரியா பிழையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.