தக்ளிக்குள் ஒரு பாடத்திட்டம்

பள்ளி நடப்பது நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம். அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு. தாய்மொழிக்கு 40 நிமிடம். கணக்கு, இசை, ஓவியம் மூன்றுக்கும் சேர்த்து இன்னொரு 40 நிமிடம். சமூகப் பாடத்தோடு அறிவியலையும் அரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். இன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில் இப்படியொரு கால அட்டவணையை நீட்டும் தலைமையாசிரியர் நிம்மதியாக வீடு திரும்ப முடியாது. ஆனால், 1937 வார்தா கல்வி மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது இதைத்தான். இதற்கு ஆதாரக் கல்வி என்று பெயர்: ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, எல்லாப் பாடங்களையும் அதிலிருந்து கிளைவிடச் செய்யும் முறை.

தமிழகத்தில் அந்த முறை வேர்பிடித்த இடங்களில் ஒன்று, கோவைக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையம். திருப்பூரில் பிறந்து, சட்டம் படித்து, விடுதலைப் போரில் சிறை சென்ற தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் இங்கேதான் வளர்ந்தது. தொடக்கத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரே ஒரு மாணவர்தான். 1934-இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். நிறுவனரோ 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். புறநகர்ப் பள்ளி ஒன்றுக்குப் பெயர் கிடைக்க இவ்வளவே போதும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இன்னும் சுவையானது. நூல் நூற்கும் கையளவுக் கருவியான தக்ளிக்குள் ஒரு பள்ளியின் பாடத்தை அடக்க முடியுமா?

பருத்தியிலிருந்து தொடங்குவோம். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரிசல் காட்டில் கருங்கண்ணி, கிணற்றுப் பாசனத்தில் கம்போடியா என்று வீட்டைச் சுற்றியே விளைந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த பிறகு ஊரே பஞ்சாலை ஊரானது. வெடித்த காயிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் பஞ்சில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல். விதையின் தோலில் இருக்கும் அந்தச் செல், பூ மலரும் நாளில் நீளத் தொடங்கி, மூன்று வாரத்துக்குள் இரண்டரை, மூன்று சென்டிமீட்டரை எட்டிவிடுகிறது. அகலத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலான நீளம்! நுண்ணோக்கி இல்லாமல் கையில் பிடித்து நிறுத்தக்கூடிய செல் என்பதால், உயிரியல் பாடத்தை இங்கேயே ஆரம்பித்துவிடலாம்.

நீளம் நின்றதும் செல் உள்பக்கமாகத் தடிக்கிறது. செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிந்து குழாய்போல ஆகிறது. காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளிருந்த நீர் வற்றி, குழாய் அமுங்கித் தட்டையான நாடாவாகிறது; நாடா தானாகவே முறுக்கிக்கொள்கிறது. நூற்பவருக்குச் செடி செய்து தரும் பேருதவி இது. திருகல் உள்ள இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதே வெண்மையும் மென்மையும் உள்ள இலவம் பஞ்சோ வழவழப்பானது, நழுவிவிடும். அதனால்தான் அது தலையணைக்குப் போகிறது, தறிக்குப் போவதில்லை.

இப்போது தக்ளி. ஒரு மெல்லிய கம்பி, அதன் அடியில் ஒரு சிறு வட்டத் தகடு. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுண்டிவிட்டால் சுழல்கிறது. எடை தகட்டின் விளிம்பில் பரவியிருப்பதால் விரலை எடுத்த பிறகும் சுழற்சி நீடிக்கிறது. இயற்பியல் இதைச் சுழல் நிலைமம் என்கிறது. சுழலும் பொருள் தன் சுழற்சியை எளிதில் விடாத குணம். சுழற்சி நூலில் முறுக்காக ஏறுகிறது. முறுக்கு இல்லாத பஞ்சுத் திரியை இழுத்தால் சத்தமில்லாமல் பிரிந்துவிடும். முறுக்கிய பிறகு இழுத்தால் நேர்மாறாக நடக்கும்: இழுவை கூடக் கூட, வெளியே சுற்றியிருக்கும் இழைகள் உள்ளே இருப்பவற்றை நெருக்குகின்றன, உராய்வு கூடுகிறது, பிடி இறுகுகிறது. பசையோ முடிச்சோ கிடையாது. உங்கள் சட்டையை உங்கள் மேல் நிறுத்தி வைத்திருப்பது உராய்வு ஒன்றுதான்.

அடுத்தது கணக்கு. நூலின் பருமனை யாரும் அளவுகோலால் அளப்பதில்லை. கோவை, திருப்பூர்ப் பக்கம் நம்பர், கவுண்ட் என்பார்கள். 840 கெஜம், அதாவது 768 மீட்டர் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுவே நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவாக வாங்கி ஒரு முனையைக் கோவை ரயில் நிலையத்தில் கட்டிவிட்டு நடந்தால், பெரியநாயக்கன்பாளையத்தைக் கடந்து, காரமடையையும் தாண்டி, மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போதுதான் தீரும்: ஏறக்குறைய 31 கிலோமீட்டர். தான் நூற்ற ஒரு சிட்டத்தை நிறுத்துப் பார்த்து அதன் நம்பரைச் சொல்லும் பிள்ளை, தலைகீழ் விகிதத்தைக் கையால் தொட்டுவிட்டது.

இன்னொரு விந்தையும் இருக்கிறது. நூலுக்கு ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு வேண்டும்? நம்பரின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 4-ஆல் பெருக்குங்கள். 16-ஆம் நம்பருக்கு 16 முறுக்கு. 36-க்கு 24. 64-க்கு 32. நம்பர் நான்கு மடங்கானால் முறுக்கு இரண்டு மடங்குதான் ஏறுகிறது. காரணம் எளிது. நம்பர் நான்கு மடங்கானால் நூலின் விட்டம் பாதியாகிறது, சுற்றளவும் பாதி. அதே சாய்வில் இழை ஏற வேண்டுமானால் சுற்றுகள் இரட்டிப்பாக வேண்டும். முறுக்கு குறைந்தால் நூல் நழுவும். மிஞ்சினாலோ சுருண்டு, வலுவும் இழக்கும். ‘வர்க்கமூலம் எதற்கு சார்?’ என்று கேட்கும் மாணவனுக்கு விடை அவன் விரலிடுக்கிலேயே இருக்கிறது.

புவியியலும் தப்பவில்லை. காற்று மிகவும் வறண்டால் நூல் அடிக்கடி அறும்; ஈரம் பட்டால் பருத்தி வலுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று நுழையும் ஊரில் பஞ்சாலைகள் பெருகியதைப் பிள்ளைகளுக்கு விளக்க, அறுந்த ஒரு நூலே போதும்.

வித்யாலயம் இருக்கும் அதே பெரியநாயக்கன்பாளையத்தில், 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் தோன்றிய நிறுவனம் நூற்பு இயந்திரங்களைச் செய்கிறது. இன்றைய இயந்திரங்களில் கதிர் நிமிடத்துக்கு 20 ஆயிரம் சுற்றுகளைத் தொடும். ஆனால் 36-ஆம் நம்பருக்கு அங்குலத்துக்கு 24 முறுக்கு வேண்டுமே! அவ்வளவு வேகத்திலும் ஒரு கதிர் நிமிடத்துக்கு 21 மீட்டர் நூல்தான் தரும். வேகம் மாறினாலும் வர்க்கமூலம் விட்டுக்கொடுப்பதில்லை.

கையை மதித்த பள்ளி ஏட்டை ஒதுக்கியதா? இல்லை. இங்கே பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன்தான், அவினாசிலிங்கம் தலைமையிலான தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். 1954-இல் முதல் தொகுதி, 1968-இல் பத்தாவது தொகுதி. உலக அறிவைத் தமிழில் அகரவரிசைப்படுத்திய பெருவேலை அது. 1956-இல் நடுவண் அரசு ஊரக உயர்கல்விக்குத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களிலும் வித்யாலயம் இடம்பெற்றது.

ஆதாரக் கல்விக்கு எதிர்ப்பும் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. பிள்ளைகள் நூற்றதை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற எண்ணம், வகுப்பறையைப் பட்டறையாக்கும் ஆபத்து கொண்டது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், பிள்ளைகளை அப்பன் தொழிலுக்கே அனுப்பும் குலக்கல்வி என்று கொதிப்பை உண்டாக்கியது. 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே தக்ளியைச் சுழற்றுவது வேறு. பிறந்த சாதியின் தொழிலுக்கு ஒருவனைத் திருப்பி அனுப்புவது வேறு. ஆனாலும் அந்தக் கொதிப்புக்கும் பொதுத்தேர்வுக்கும் நடுவில் தக்ளி வகுப்பறையை விட்டு வெளியேறியது.

மூன்று மணி நேர நூற்பு இனி வேண்டாம். ஆனால் கொங்கு நாட்டுக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆண்டுக்கு ஒரே ஒரு பாடவேளை, ஆளுக்கொரு பிடி பஞ்சைக் கொடுத்து நூற்கச் சொல்லுங்கள். செலவு சில ரூபாய். செல், உராய்வு, விகிதம், வர்க்கமூலம் நான்கும் ஒரே மணி அடிப்பதற்குள் கைக்கு வந்துவிடும்.