காய்ச்சல் வந்த வீட்டுக்கு அவர் ஏன் வருகிறார்?

வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சில நாட்களில், பீ.எச்.ஐ. என்று நாம் அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலுக்கு வருகிறார். "இவருக்கு யார் போய்ச் சொன்னது?" என்றுதான் நம்மில் பலர் முதலில் கேட்கிறோம்.

யாரும் கோள் சொல்லவில்லை. டெங்கு, நெருப்புக் காய்ச்சல், எலிக் காய்ச்சல் போன்ற நோய்கள் இருப்பதாகச் சந்தேகித்தாலே, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது டொக்டரின் சட்டக் கடமை. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. இன்று அத்தகைய பிரிவுகள் முந்நூறுக்கும் மேல் உள்ளன. வாராவாரம் அவை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குக் கணக்கு அனுப்புகின்றன. ஆனால் நடவடிக்கை ஊரிலேயே தொடங்கிவிட வேண்டும். ஏன்?

நோயாளியைக் கடித்த நுளம்பு எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கத் தயாராகிவிடும். பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் இட்ட முட்டை ஏறக்குறைய பத்து நாட்களில் பறக்கும் நுளம்பாகிவிடும். கட்டளை தலைநகரிலிருந்து வரட்டும் என்றிருந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் படுத்துவிடும். 2017 இல் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர் என்பதை மறக்கலாமா?

ஊர் மட்டத்தில் விழிப்பாக இருந்தால் வெல்லலாம் என்பதற்கு மலேரியாவே சாட்சி. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 இல் கண்டறியப்பட்டார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

"வழக்குப் போட்டுவிடுவாரோ" என்ற பயத்தில் சிலர் உண்மையை மறைக்கின்றனர். நுளம்பு பெருக இடமளிப்போருக்கு எதிராக 2007 ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அவர் வருவது நோய் எங்கிருந்து வந்தது, இனி எங்கே போகும் என்று அறியவே.

பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் பெண்களாகிய நாம்தான். ஆஸ்பத்திரியில் சரியான விலாசத்தைக் கொடுங்கள். கொழும்பு உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால், நுளம்பு இருப்பது ஓரிடம், தேடுவது வேறிடம் என்றாகிவிடும். காய்ச்சலுக்கு முந்திய இரண்டு வாரங்களில் பிள்ளை தங்கிய உம்மம்மா வீடு, போன பள்ளிக்கூடம், டியூஷன் வகுப்பு எல்லாவற்றையும் சொல்லுங்கள். தனியார் டொக்டரிடம் மருந்து எடுத்திருந்தால், அறிவித்துவிட்டாரா என்று அவரிடமே கேளுங்கள். பக்கத்து வீடுகளில் காய்ச்சல் கண்டால் குடும்ப நல மாதுவின் காதில் போடுங்கள்.

நாம் சொல்லும் இரண்டு வார்த்தை, தெருவில் இன்னொரு பிள்ளை படுக்காமல் காக்கும்.