பழைய மோட்டார் வாங்கப் போன கதை

சொந்தமாக ஒரு மோட்டார் வண்டி வைத்திருக்க வேண்டும் என்னும் ஆசை இல்லாத குடும்பம் எமது ஊரில் அரிது. துவிச்சக்கர வண்டியிலே கல்லூரிக்குச் சென்று திரும்பும் ஆசிரியனது மனத்திலும் அவ்வாசை ஒரு மூலையிற் கிடக்கவே செய்யும். ஆயின், ஆசை வேறு, வசதி வேறு. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபொழுது, வரிகளையும் சேர்த்துச் சொல்லப்பட்ட விலைகளைக் கேட்டு எம்போன்றோர் வாயடைத்துப் போயினர். இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே பழைய வண்டிகளின் விலையும் வெகுவாக உயர்ந்துவிட்டது. ஆகவே, சிறு வருவாய் உடையோர் மிகப் பழைய வண்டிகளை நாடத் தொடங்கினர். அண்மையில் நாமும் அத்தகைய வண்டி ஒன்றைப் பார்க்கச் சென்றோம். அங்கே கற்றுக்கொண்டவை வேறு குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தால் இதனை எழுதலாயினோம்.

எமக்கு வண்டி தேவைப்பட்டது வீண் பெருமைக்காக அன்று. எமது தாயாருக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் வாதத்தால் பல ஆண்டுகளாக வருந்துகிறார். மாதந்தோறும் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகவேண்டும். முச்சக்கர வண்டியிலே குலுங்கிச் சென்று திரும்பும் நாள்களில் இரவு முழுவதும் அவருக்கு உறக்கம் இராது. வண்டி வாங்குவதற்கென்று எம்மிடம் தனியாகப் பணம் இருக்கவில்லை. மூத்த மகளின் மேற்படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே வங்கியில் இருந்தது. அதிலே கை வைப்பதா, விடுவதா என்பதுதான் வீட்டில் நடந்த விவாதம்.

நாம் பார்க்கச் சென்றது 1957 இல் உற்பத்தியான இரு கதவு மொறிஸ் மைனர். அதன் சொந்தக்காரர் எமக்கு ஒருகாலத்தில் விஞ்ஞானம் கற்பித்த ஆசான். இன்று எண்பத்து நான்கு வயது. கடல் கடந்து வாழும் மகளோடு சென்று வசிப்பதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். “தம்பி, இதை ஆருக்கும் விற்க மனமில்லை. நீ எடுத்தால் எனக்கு நிம்மதி,” என்று அவரே அழைத்துச் சொன்னார். அவர் கேட்ட விலை எமது 11 மாதச் சம்பளத்துக்குச் சமம். சந்தை நிலவரத்தை நோக்க அஃது அதிகம் அன்று.

அவ்வண்டிக்கும் எமது குடும்பத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபொழுது எமக்கு வயது பதினான்கு. நடக்கவியலாத எமது பாட்டியாரை எவ்வாறு கொண்டுசெல்வது என்று வீட்டார் கலங்கி நின்ற வேளையில், ஆசான் தமது காரை வாயிலில் நிறுத்தினார். முன் ஆசனத்தைச் சாய்த்து, நான்கு பேர் சேர்ந்து பாட்டியாரைத் தூக்கிப் பின்னே அமர்த்தினோம். அக்காலத்திலே பெற்றோல் கிடையாது. மண்ணெண்ணெயே காரின் உணவு. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். கொட்டும் மழையில், மக்கள் வெள்ளத்தின் நடுவே, அவ்வண்டி நடைவேகத்தில் ஊர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. பின் மட்காட்டிலே கை வைத்தபடி நாமும் கூடவே நடந்தோம். பாட்டியார் அதன்பின் நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார். இத்தகைய வண்டியை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்!

மொறிஸ் மைனர் சாமானிய வண்டியும் அன்று. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இவ்வண்டி 1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. அதற்குச் சில காலம் முன்னர்தான், வண்டி ஒடுக்கமாகத் தோன்றுகிறது என்று கருதிய அவர், மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகலப்படுத்தினாராம். பொனற்றின் நடுவே ஓடும் மேடான பட்டை அவ்வகலிப்பின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. ஆரம்பத்தில் 918 சீசீ எஞ்சினும், 1952 முதல் 803 சீசீ எஞ்சினும், 1956 முதல் 948 சீசீ எஞ்சினும், 1962 முதல் 1098 சீசீ எஞ்சினும் இதற்குப் பொருத்தப்பட்டன. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் காரும் இதுவே. லீற்றருக்குச் சுமார் 12 முதல் 14 கிலோமீற்றர் வரை ஓடும். 2022 இல் கியூ.ஆர். முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாள்களை நினைப்பவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆயினும், ஒரு வகை வண்டி நல்லது என்பதால் அவ்வகையைச் சேர்ந்த ஒவ்வொரு வண்டியும் நல்லதாகிவிடாது. ஆகவே, ஒரு சனிக்கிழமை காலை, எமக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் முதல் நாளே எம்மிடம் ஒரு நிபந்தனை விதித்தார்: “மாஸ்ரர், நாங்கள் போக முன்னம் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.” சூடான எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும், குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும் என்பது அவரது கொள்கை.

சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பின் ‘டிக் டிக்’ ஓசை கேட்டது; சிறிது நேரத்தில் அடங்கியது. அது நல்ல அறிகுறியாம். எஞ்சின் இரண்டாம் முறையிலேயே உயிர்பெற்றது. மெக்கானிக் பின்னே சென்று புகையைப் பார்த்தார். நீலப் புகையாயின் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்றும், கரும்புகையாயின் பெற்றோல் மிகுதியாகச் செல்கிறது என்றும், சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாதாயின் தண்ணீர் உட்புகுகிறது என்றும் விளக்கினார். இவ்வண்டியிலே மெல்லிய நீலப் புகை மாத்திரம் தெரிந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு அது வியப்பன்று. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அதனால் உள்ளுறுப்புகள் விரைவில் தேயும். ஆனால், ஆசான் போர் முடிந்தபின் எஞ்சினைக் கழற்றிச் சீர்செய்திருந்தார். ஈயம் கலந்த பெற்றோலுக்கென அமைந்த பழைய எஞ்சின்களில், ஈயமற்ற பெற்றோலினால் வால்வு இருக்கைகள் தேய்வதுண்டு. எமது நாட்டிலே 2002 இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டதனால், கடினமான இருக்கைகளையும் அவர் அப்போதே இடுவித்திருந்தார். “எஞ்சினுக்குப் பயமில்லை,” என்றார் மெக்கானிக். எமக்கு உள்ளம் குளிர்ந்தது.

அடுத்து அவர் சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தத் துண்டு ஒன்றை எடுத்தார். கதவின் கீழே நெடுக ஓடும் விளிம்புத் தகட்டிலே அதனை வைத்து மெல்ல நகர்த்தினார். சில இடங்களில் ஒட்டியது. பல இடங்களில் நழுவி விழுந்தது. ஒட்டாத இடங்களில் இரும்பு இல்லை. பட்டியை அப்பி அதன்மேல் வர்ணம் பூசியிருக்கிறது. மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலும் தளமும் ஒன்றாக ஒட்டி அமைந்தவை. ஆதலால், அவ்விளிம்பு வெறும் அலங்காரம் அன்று. வண்டியின் பாரத்தைத் தாங்கும் எலும்பு.

பின்னர் ஜாக்கி வைத்து வண்டியை ஒரு பக்கம் உயர்த்தினார். திறந்து கிடந்த கதவை மூடச் சொன்னார். சற்று முன்னர் இலகுவாக மூடிய கதவு இப்பொழுது இடித்துக்கொண்டு நின்றது. உடல் வளைகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், சாரதியின் காலடியிலே பெருவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை! கடற்காற்றும், உவர்க் கிணற்று நீராற் கழுவிய வழக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. தரைத் தகட்டின் கீழேதான் இவ்வண்டியின் பிரதான பிறேக் சிலிண்டரும் இருக்கிறது. அதைச் சுற்றியும் துருவே காணப்பட்டது.

முன் சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது ‘கடக்’ என்று ஓசை எழுந்தது. முன் சில்லைத் தாங்கும் செங்குத்துக் கோலின் கீழ்முனை, மரையுள்ள ஒரு மூட்டிலே பொருந்தியிருக்கிறது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்றுவிடும். சில்லு உள்ளே மடங்கி வண்டி நிலத்திலே குந்திவிடும். இது மைனர் வண்டிக்காரர் யாவரும் அறிந்த பலவீனம். கிறீஸ் இட்டுவந்தால் நெடுங்காலம் உழைக்கும். அண்மைக் காலத்தில் ஆசானுக்குக் குனிந்து பார்க்க இயலாமற் போனதே இங்கு ஏற்பட்ட குறை.

எமது தாயாரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தோம். இரு கதவு வண்டி நாற்கதவு வண்டியிலும் பார்க்க விலை குறைவாகக் கிடைப்பது வழக்கம். அதன் காரணத்தை அன்றுதான் நேரிற் கண்டோம். முன் ஆசனத்தை மடித்து, தலை குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, உடலைத் திருப்பி அமரவேண்டும். தாயார் இருமுறை முயன்றார். மூன்றாம் முறை சிரித்துவிட்டு, “தம்பி, கிளினிக்குக்குப் போக இந்தக் காருக்குள்ளை ஏறினால், ஏறினதுக்கே இன்னொரு கிளினிக்குக்குப் போகவேணும்,” என்றார். முன் ஆசனத்தில் அமரலாம் என்றோம். ஆனால், அவ்வண்டியிலே ஆசனப் பட்டி எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் பின்னே அமர்ந்தால், அவசர வேளையில் அவர்கள் வெளியே வர வேறு கதவும் இல்லை.

ஆவணங்கள் மட்டும் குறையற்றிருந்தன. பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியிலுள்ளவற்றோடு பொருந்தின. வருடாந்த வரிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் யாவும் ஒரே கோவையில் ஒழுங்காக இருந்தன. ஆசானின் கையெழுத்து இன்றும் அச்சுப் போன்றதே.

அன்றிரவு எமது இல்லத்தரசியார் கணக்குக் கொப்பியை விரித்தார். தகர வேலைக்கும், முன் சில்லு வேலைக்கும், பிறேக் வேலைக்கும் மெக்கானிக் சொன்ன தொகை எமது 7 மாதச் சம்பளம். ஆக, 11 மாத விலை உண்மையில் 18 மாத விலை. இவ்வளவு செலவு செய்தபின்னும் தாயாரால் ஏறமுடியாத வண்டி அது. “சும்மா தந்தாலும் எங்களுக்கு 7 மாதச் சம்பளம்,” என்று சொல்லிக் கொப்பியை மூடினார். கணக்கு முடிந்துவிட்டது, ஆனால், கடன் முடியவில்லை. 1995 இன் அந்த மழை இரவை எந்த நிரலில் எழுதிக் கழிப்பது? வாங்கிவிட்டு மூலையில் நிறுத்தி வைக்கலாமா என்றுகூட எண்ணினோம். அப்படிச் செய்தால் செலவாவது மகளின் படிப்பு. குறைகளைச் சொல்லாது, வேறு காரணம் கூறி நழுவலாமா என்றும் எண்ணினோம். அப்படிச் செய்தால், வேறொருவர் வாங்கித் தம் பிள்ளைகளை அதிலே ஏற்றிச் செல்வார்.

மறுநாள் மாலை ஆசானிடம் சென்று, கண்டவற்றை ஒன்றுவிடாமற் சொன்னோம். காந்தம் விழுந்த இடங்களையும், இடித்து நின்ற கதவையும், ஓசை எழுப்பிய சில்லையும் அவர் தலையசைத்துக் கேட்டார். இடையிலே எமது குரல் தடுமாறியது. “அந்த இரவு நீங்கள் செய்த உதவிக்கு...” என்று தொடங்கியபோது அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“தம்பி, வந்த பெறுபேற்றை விருப்பத்துக்கு மாத்தி எழுதக் கூடாதெண்டு நான்தானே உனக்குப் படிப்பிச்சனான்? அண்டைக்கு அந்தக் கார் ஓடினது, ஆச்சியை ஏத்தினம். இண்டைக்கு ஓடாதெண்டால் ஏத்தக் கூடாது. அவ்வளவுதான்,” என்றார். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “மாரிக்குக் கால் நனையிறது எனக்குத் தெரியும். விரிப்பைத் தூக்கிப் பார்க்கத்தான் மனம் வரேல்லை,” என்றும் சொன்னார்.

வண்டியை அம்மெக்கானிக்கே, குறைகளைக் கழித்த விலைக்கு, வாங்கிக்கொண்டார். தகர வேலையும் சில்லு வேலையும் முடியுமுன் தெருவில் இறக்குவதில்லை என்று ஆசானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வங்கிப் பணம் வங்கியிலேயே இருக்கிறது. எமது தாயார் இன்னும் முச்சக்கர வண்டியிலேதான் கிளினிக்குக்குச் சென்று வருகிறார். அந்தக் கவலை எமக்குத் தீர்ந்தபாடில்லை.

பழைய வண்டி வாங்க எண்ணும் வாசகர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. விவரம் அறிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அதிலே பிரயாணம் செய்யப் போகிறவரையும் அழைத்துச் சென்று ஏறி இறங்கச் செய்யுங்கள். எஞ்சினின் ஓசையிலே மயங்காதீர்கள். பழுதடைந்த எஞ்சினைத் திருத்தலாம், துருவேறிய உடலைத் திருத்துவது பெரும்பாடு. விலையோடு திருத்தச் செலவையும் கூட்டிய பின்னரே மலிவா, இல்லையா என்று தீர்மானியுங்கள். விற்பவர் உங்கள் மதிப்புக்குரியவராயின், கண்ட குறையை அவரிடமே மறையாது சொல்லிவிடுங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க மனம் வராத வண்டிகளே பெரும்பாலும் தூக்கிப் பார்க்க வேண்டிய வண்டிகள்.