குறிப்பேடும் புறத்தொகுதியும்

ஆய்வுசாலையிற் பணிபுரிவோர் தாம் செய்த சோதனையையும் கண்ட பயனையும் அன்றன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நெடுநாளைய வழக்கம். கணிப்பொறியில் இதற்கு ஒப்பாய் அமைந்தது ஜூப்பிட்டர் குறிப்பேடு. அதில் விளக்கவுரையும் நிரலும் அடுத்தடுத்த கட்டங்களில் அமையும்; நிரற்கட்டத்தை இயக்கினால் விடை அதன் கீழேயே தோன்றும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட க்யூ ஷார்ப் என்னும் குவாண்டம் நிரல்மொழியை இக்குறிப்பேட்டின் வாயிலாகவும் பயிலலாம்.

ஆயினும் இவ்வசதியிலே ஓர் இடர் உண்டு. முந்திய குறிப்பேட்டில் எழுதிய நிரலைப் புதியதொன்றிற் படியெடுத்து ஒட்டிக்கொள்ளுதல் மிக எளிது. சின்னாட்களில் ஒரே நிரல் ஐந்து இடங்களில் இருக்கும். பிழை கண்டு ஓரிடத்தில் திருத்தினால், ஏனைய நான்கிலும் அது அப்படியே நிற்கும்.

குவாண்டம் நிரலில் இத்தகைய பிழை எளிதில் வெளிப்படாது என்பதே நாம் கருதத்தக்கது. இரண்டு க்யூபிட்டுகளைப் பின்னும் நிரலை உதாரணமாகக் கொள்வோம். இரண்டும் 0 நிலையில் தொடங்கும். முதலாவதன்மேல் ஹாடமார்ட் வாயிலைச் செலுத்தி, பின்னர் அதனையே கட்டுப்படுத்துவதாகக் கொண்டு, இரண்டாவதன்மேல் சீ-நாட் வாயிலைச் செலுத்தவேண்டும். அளந்தால் 00, 11 என்னும் இரண்டில் ஒன்று சம வாய்ப்புடன் கிடைக்கும். கவனக்குறைவால் ஹாடமார்ட் வாயிலை இரண்டாவதன்மேல் செலுத்திவிட்டாலோ, பின்னலே உண்டாகாது. 00 அல்லது 01 கிடைக்கும். ஆகவே செம்மையான நிரலும் பிழைபட்ட நிரலும் பாதி வாய்ப்பில் 00 என்னும் ஒரே விடையைத் தருவன. பன்முறை இயக்கினாலன்றி வேற்றுமை புலப்படாது. இதனால், சோதித்துத் தேறிய நிரல் ஓரிடத்தில் மட்டுமே இருத்தலும், வேண்டுங்கால் அதனைச் சுட்டி அழைத்தலுமே தக்க முறையாம்.

இதற்குரிய வழி யாதெனில், முதலில் கோப்புறை ஒன்றை அமைத்து, அதில் க்யூஷார்ப்.ஜேசன் என்னும் விவரக் கோப்பை வைக்கவேண்டும். எஸ்.ஆர்.சி. என்னும் உட்கோப்புறையில் க்யூ ஷார்ப் நிரற்கோப்புகள் இருத்தல் வேண்டும். பின்னர்க் குறிப்பேட்டில் க்யூஷார்ப் என்னும் பைதான் பொதியை வருவித்து, அதன் இனிட் என்னும் செயலுக்கு அக்கோப்புறையின் இருப்பிடத்தை 'பிராஜெக்ட் ரூட்' என அளித்தால், அத்தொகுதியின் செயல்களைக் குறிப்பேட்டினின்று அழைக்கலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தொகுதியின் கோப்பைத் திருத்தினால், அத்திருத்தம் தானே குறிப்பேட்டிற்கு வந்துவிடாது. இனிட் செயலை மீண்டும் இயக்கவேண்டும். அவ்வாறு இயக்கியதும் முன்னைய க்யூ ஷார்ப் கட்டங்களில் வரையறுத்தவை யாவும் நீங்கிவிடும். ஆதலின் அக்கட்டங்களையும் முதலிலிருந்து இயக்குதல் அவசியம்.

பிறர் ஆக்கிய தொகுதியைப் பயன்படுத்த விரும்பினால், அதனை நம் விவரக் கோப்பின் 'டிப்பெண்டன்சீஸ்' பகுதியில் ஒரு பெயரிட்டுக் குறிக்கவேண்டும். அது நம் கணிப்பொறியிலேயே இருப்பின் அதன் பாதை போதும். கிட்ஹப் களஞ்சியத்தில் இருப்பின், உரிமையாளர் பெயர், களஞ்சியப் பெயர், 'ரெஃப்' என்னும் பதிப்புக்குறி ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றாவதில் மிகுந்த கவனம் செலுத்துக. கிளையின் பெயரைக் கொடுத்தால், ஆசிரியர் திருத்துந்தோறும் நாம் பெறும் நிரலும் மாறும். கமிட் குறியெண்ணைக் கொடுத்தாலோ, என்றும் அதே நிரல் கிடைக்கும். நூலை மேற்கோள் காட்டுவோர் பதிப்பையும் பக்கத்தையும் சுட்டுவதை இஃது ஒக்கும்.

பழைய பாடங்களில் இப்பணிக்குப் 'பிராஜெக்ட்' என்னும் தனிக் கட்டளையைக் காண்போர் மயங்க வேண்டா. 2024-ஆம் ஆண்டில் வெளியான புதிய கருவித்தொகுதியில் மேற்கூறிய முறையே உளது.

நம் குறிப்பேட்டை மற்றொருவர் பெற்று, தம் கணிப்பொறியில் பன்முறை இயக்கி, நாம் கண்ட விகிதத்திலேயே விடைகளைக் காணல் வேண்டும். அப்போதுதான் நாம் எழுதியது சோதனையாகும். எந்நிரலைக் கொண்டு, அதன் எப்பதிப்பைக் கொண்டு அவ்விடை பெற்றோம் என்பதை மறைவின்றி எழுதிவைத்தலே அதற்கு முதற்படி. விஞ்ஞானம் பயிலும் நம் மாணாக்கர் இப்பழக்கத்தைத் தம் முதற் குறிப்பேட்டிலிருந்தே கைக்கொள்வாராக.