உறங்காத குழந்தையும் கோதுமை மாவும்

குழந்தையின் உறக்கத்தைத் தாலாட்டோடும் தாயின் பராமரிப்போடும் மட்டும் தொடர்புபடுத்திப் பார்ப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வுறக்கம் உணவோடும், அவ்வுணவை நிருணயிக்கும் பொருளாதாரத்தோடும் கொண்டுள்ள உறவினைச் சீலியாக் நோய் தெளிவாக உணர்த்துகின்றது.

கோதுமை, பார்லி முதலிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம், பரம்பரைச் சார்புடைய சிலரில் நோயெதிர்ப்புத் தொகுதியைத் தூண்டிச் சிறுகுடலின் சடைமுளைகளைச் சிதைக்கின்றது. வயிற்று நோவும் ஊதலும் குழந்தையை நள்ளிரவில் எழுப்புகின்றன. இரும்புச்சத்து உறிஞ்சப்படாமையாற் சோகை தோன்றுகின்றது. அக்குறைபாடு கால்களில் அமைதியின்மையை ஏற்படுத்தி உறக்கத்தைக் கலைக்கவும் கூடும். பகலிற் காணப்படும் சோர்வும் சினமும் இதன் தொடர்ச்சியே. நாமோ இதனைக் கண்ணூறு என்கின்றோம். அன்றேல் பிடிவாதம் என்கின்றோம்.

இந்நோய்க்கும் கோதுமைக்குமுள்ள உறவினை நிறுவியவர் ஒல்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 பஞ்சக் குளிர்காலத்திற் பாண் கிடைக்காதபோது நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. 1950 இல் அவர் தமது ஆய்வேட்டில் இதனை விளக்கினார்.

பரம்பரை மட்டும் நோயை நிருணயிப்பதில்லை. வளர்ந்தோரிடையே நடத்தப்பெற்று 2016 இல் வெளியான இந்திய ஆய்வொன்றின்படி, நோய்க்குரிய பரம்பரையலகு வடக்கிலும் தெற்கிலும் பெரிதும் வேறுபடவில்லை. ஆயினும் இந்நோயைச் சுட்டும் தன்னெதிர்ப்புடல்கள் இரத்தத்திற் காணப்பட்டோர் வடக்கில் 1.23 வீதம், தெற்கில் 0.10 வீதம். நாளாந்தக் கோதுமை நுகர்வோ முறையே 455 கிராமும் 25 கிராமும் ஆகும்.

இவ்வொளியிற் புத்தளக் கரையோரத்தை நோக்குவோம். கோதுமை இலங்கையின் பயிரன்று. 1954 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பொதுச் சட்டம் 480 இன்கீழ் வந்த உதவியும், 1980 இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பிறீமா மாவாலையும் அதனை நம் அன்றாட உணவாக்கின. விடியுமுன் கடலுக்கும் உப்பளத்துக்கும் வேலைக்குச் செல்வோரின் வீடுகளில், உடப்பிலாயினும் கற்பிட்டியிலாயினும், பாண் என்பது நேரத்தையும் விறகையும் மீதப்படுத்தும் உணவு. அதனை உண்பது அறியாமையன்று, உழைப்பின் நிர்ப்பந்தம். அரிசியுணவெனக் கருதப்படும் இடியப்பத்திலும் பிட்டிலுங்கூடக் கோதுமை மா கலக்கப்படுவதுண்டு என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

உறங்காத குழந்தைகள் யாவரும் இந்நோயுடையோர் அல்லர். ஆயினும் உறக்கக் குலைவோடு வளர்ச்சிக் குறைவு, நீடித்த வயிற்றோட்டம், சோகை என்பனவும் காணப்படின் இரத்தப் பரிசோதனை அவசியம். அதற்கு முன்னரே கோதுமையை நிறுத்தின் நோய் புலப்படாமற் போகலாம். நோய் உறுதியானபின் குளூட்டனை ஆயுள் முழுவதும் விலக்குதலே சிகிச்சை. பல குழந்தைகளில் இரத்தமும் உறக்கமும் அதனாற் சீரடைகின்றன.

விலையுயர்ந்த இறக்குமதிப் பொதிகள் இதற்கு வேண்டியதில்லை. கலப்பற்ற அரிசிமாவும் குரக்கனும் மீனும் போதும். ஆனால் அரிசியை இடித்து மாவாக்க ஓய்வும், அதனை வாங்கக் கூலியும் வேண்டும். ‘கோதுமையைத் தவிருங்கள்’ என்று மருத்துவர் ஒரு வரியில் எழுதிவிடலாம். அவ்வரியை நிறைவேற்றும் ஆற்றலை உழைக்கும் குடும்பத்துக்கு வழங்குவது சமூகத்தின் கடனாகும்.