15 லட்சம் ஆண்டு என்று அளந்தது யார்?

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கல் கோடரி கிடைத்ததாம். உலகின் முதல் மனிதனே தமிழன்தான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கல்லில் தேதியா பொறித்திருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தார்கள்?”

முதல் மனிதனைக் கடைசியில் கவனித்துக்கொள்வோம். எப்படி என்ற கேள்விதான் அருமை. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்களை மூழ்கடித்துவிட்டு, மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற அதே ஆறு, கீழே பூண்டி ஏரிக்குப் போகிறது. பூண்டிக்கு அருகில், அந்த ஆற்றின் கிளை ஓடை ஒன்றின் கரையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். சென்னையின் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே தோண்டினார்கள். பிரெஞ்சு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட எண்தான் இந்த 15 லட்சம்.

வரலாறு இல்லாமல் விடமாட்டீர்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் வந்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது. வரலாறு போதும்.

குழிக்குள் இறங்குவோம். அடியில் மீட்டர் கணக்கில் களிமண், ஏடு ஏடாக. ஆறு வெள்ளமாய்ப் பரந்து, வேகம் அடங்கித் தேங்கும்போது படிகிற மண் இது. அதற்குள் இருபுறமும் செதுக்கிய, உள்ளங்கையை நிறைக்கும் குவார்ட்சைட் கைக்கோடரிகள். களிமண் படியும் அளவுக்குச் சோம்பலான தண்ணீரால் இந்தக் கனமான கல்லைப் புரட்டக்கூட முடியாது. ஆக, ஆறு கொண்டுவரவில்லை; யாரோ கையில் எடுத்து வந்து போட்டிருக்கிறார்கள். எப்போது?

குவார்ட்சைட்டில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ்: சிலிக்கானும் ஆக்சிஜனும். வெட்டவெளியில் கிடக்கும் கல்லை விண்வெளிக் கதிர்கள் ஓயாமல் தாக்குகின்றன. அடிபட்ட ஆக்சிஜன் அணுக்களில் சில பெரிலியம்-10 ஆகின்றன, சிலிக்கானில் சில அலுமினியம்-26 ஆகின்றன. ஒரு கிராம் குவார்ட்சில் ஓராண்டு முழுக்க உருவாகும் பெரிலியம்-10 அணுக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அலுமினியம்-26 அதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. இரண்டும் கதிரியக்கச் சிதைவு கொள்பவை. அலுமினியம்-26 சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியம்-10 பாதியாக சுமார் 14 லட்சம் ஆண்டு வேண்டும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, வரத்து நின்றுவிடும்.

இதை ரேஷன் அட்டைக் குடும்பமாக நினைத்துப் பாருங்கள். ஏழு படி அரிசிக்கு ஒரு படி பருப்பு என்ற விகிதத்தில் வருகிறது. ஒருநாள் அட்டை ரத்து. அன்றிலிருந்து இருப்பை வைத்துத்தான் சமையல். நிறைய இருக்கும்போது அளக்கிற கை தாராளம், குறையக் குறைய இறுகும். அதனால் பானை கடகடவென்று வற்றிவிடாது. ஆனால் அரிசி பருப்பைவிட வேகமாகக் குறையும். பல நாள் கழித்து நீங்கள் போய் இரண்டையும் அளக்கிறீர்கள். ஏழுக்கு ஒன்றாக இருந்தது மூன்றரைக்கு ஒன்றாக இருக்கிறது. அட்டை எப்போது ரத்தானது என்று சொல்லிவிடலாம். அது பெரிய குடும்பமா சிறிய குடும்பமா, முதலில் எத்தனை மூட்டை வைத்திருந்தார்கள் என்ற விவரமே வேண்டாம், விகிதம் போதும்! பக்கத்து வீட்டார் ரகசியமாக ஒரு கிண்ணம் அரிசி கொடுத்துவந்தால் கணக்கு பிசகும். மண்ணுக்குள் ஆழம் வரை ஊடுருவும் மியூவான் துகள்கள் கல்லுக்குச் செய்வது அதைத்தான். அட்டை முன்பே ஒருமுறை ரத்தாகிப் புதுப்பிக்கப்பட்டிருந்தால் இன்னும் வம்பு: பழைய பஞ்சமும் சேர்ந்து கல்லுக்கு வயதைக் கூட்டிக் காட்டும். எலியையும் சேர்க்கலாம், உவமை தாங்காது.

அந்த விகிதம் பாதியாக ஆகும் காலம் ஏறத்தாழ 14, 15 லட்சம் ஆண்டு. அத்திரம்பாக்கத்தில் சுற்றியுள்ள மண்ணை அல்ல, கற்கருவிகளையே கரைத்து, துகள்முடுக்கியில் அணுக்களை எண்ணினார்கள். கிடைத்த சராசரி 15.1 லட்சம், கூடவோ குறையவோ 70,000.

நாளிதழ்கள் அங்கேயே நிறுத்திவிட்டன. எனக்குப் பிடித்தது அதே கட்டுரையின் இன்னொரு எண்: 10.7 லட்சம். களிமண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய புவிகாந்தத் திசையில் அமர்கின்றன. கருவிகள் கிடந்த களிமண்ணில் அந்தத் திசை தலைகீழாக இருந்தது, அதாவது காந்தத் துருவங்கள் இடம் மாறிக் கிடந்த காலம். அந்தப் பதிவுப்படி இந்தப் படிவுகள் 10.7 லட்சம் ஆண்டுக்கு இளையவையாக இருக்க முடியாது. இது ‘குறைந்தது இவ்வளவு’ என்கிறது, அவ்வளவுதான். அணுக்கணக்கும் காந்தக்கணக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத முறைகள், இரண்டும் முரண்படவில்லை. என்னை நம்பவைப்பது இந்தப் பொருத்தம்தான், எண்ணின் பிரம்மாண்டம் அல்ல.

இப்போது முதல் மனிதன். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் பழைய எலும்புகள், மொராக்கோவில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழைமையே கொண்டவை. கோடரி செய்தவர்கள் நமக்கு முந்தைய இனம். தமிழ் இருக்கட்டும், மொழி என்று ஒன்று இருந்ததா என்பதே கேள்வி. இதே வகைக் கோடரி கென்யாவில் 17.6 லட்சம் ஆண்டுக்கு முன்பே இருக்கிறது. 2018இல் ‘நேச்சர்’ இதழில் இதே குழு, கைக்கோடரி குறைந்து சிறு செதில்கருவிகள் பெருகிய அடுத்த கட்டம் அத்திரம்பாக்கத்தில் 3.85 லட்சம் ஆண்டுக்கு முன்பே தொடங்கியது என்று எழுதியதும், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதன் வந்த கதையே பொய் என்று சிலர் கிளம்பினார்கள். அந்த எண்ணுக்கு இருபுறமும் 64,000 ஆண்டுப் பிழை எல்லை உண்டு. அதை யாரும் பகிரவில்லை. கருவி செய்யும் முறை மாறியது என்பதே சான்று. செய்தவர் யார் என்பதற்குச் சான்று இல்லை.

ஆற்றுப்படுகையில் உங்களுக்கும் இப்படி ஒரு கல் தட்டுப்படலாம். எடுத்துக் காட்சிப் பேழையில் வைக்காதீர்கள். வெளியே வந்த நொடியில் அது எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்ற விவரம் தொலைந்துவிடும், வயதும் கூடவே போகும். கிடக்கும் நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்து, பூண்டியில் உள்ள அரசுத் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் சொல்லுங்கள். தனி ஆள் எடுக்கும் ஒரு கல்லைவிட ஒரு லோடு சரளை செய்யும் சேதம் பெரிது. இந்தப் படுகையில் சரளை அள்ள அனுமதி கொடுக்குமுன் தொல்லியலாளர் ஒருவர் குழியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி போட்டால் செலவு அதிகம் ஆகாது.