ஒரு குதிரைக்கு மேல் வேண்டுவது ஏன்?

குதிரை ஒன்று வைத்து ஜீவனம் செய்யும் அங்கத்தினர் ஒருவர், இன்னொரு குதிரை வாங்கக் கடன் வேண்டுமென்று சங்கத்திற்கு மனுச் செய்துகொண்டால், நிர்வாகக் கமிட்டியார் முதலிற் கேட்பது, "ஒன்று இருக்கையில் மற்றொன்று எதற்கு?" என்பதேயாகும். கேள்வி நியாயமானதே. உழவு மாட்டிற்கு ஜோடி வேண்டும் என்பது யாவருக்கும் தெரியும். ஒற்றை மாட்டைக் கொண்டு ஏர் பூட்ட இயலாது. குதிரையோ தனியே வண்டி இழுக்கும், தனியே ஆளைச் சுமக்கும். ஆகையால் இரண்டாவது குதிரை டம்பத்திற்காக வாங்குவது, யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பானது, என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உதகமண்டலம், கொடைக்கானல் முதலிய இடங்களில் சவாரிக் குதிரை விட்டுப் பிழைப்போரும், ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குச் சென்று குதிரை பிடித்து வருவோரும் இவ்வெண்ணத்தை ஒப்புக்கொள்ளார். அவர்கள் பக்கத்து நியாயத்தை இங்கே சிறிது விரிவாகக் கூறுவோம்.

குதிரையைக் கொண்டு வியாபாரம் நடத்தியவர்களுள் கணக்கில் மிகக் கண்டிப்பாயிருந்தவர்கள் லண்டன் நகரத்து ஆம்னிபஸ் கம்பெனிக்காரர்கள். மோட்டார் வருமுன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்நகரத் தெருக்களில் இரட்டைக் குதிரை பூட்டிய பஸ் வண்டிகள் ஓடின. ஒரு வண்டியில் 26 பேர் ஏறலாம். எந்த நேரத்தில் பார்த்தாலும் வண்டியின் முன்னே இருப்பவை இரண்டு குதிரைகளே. ஆனால் அவ்வொரு வண்டிக்காகக் கம்பெனியார் லாயத்தில் வைத்திருந்த குதிரைகள் 11. பிராணிகளிடம் உள்ள தயையினால் மட்டும் அவர்கள் இவ்வாறு செய்தார்களென்று கருதவேண்டுவதில்லை. வண்டி ஒரு நாளில் ஏறத்தாழ 60 மைல் ஓடவேண்டும். நின்று நின்று புறப்படும் அவ்வளவு பாரமான வண்டியை ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 12 மைலுக்கு மேல் இழுக்குமாயின் விரைவில் கெட்டுப்போம் என்பதை அவர்கள் நஷ்டப்பட்டுக் கற்றிருந்தார்கள். 60 மைலை 12 மைலாக வகுத்தால் ஐந்து முறை மாற்றவேண்டும்; முறைக்கு இரண்டாகப் பத்துக் குதிரைகள் ஆயின. பதினோராவது எதற்கெனில், பத்தில் ஒன்று நொண்டினால் அதன் ஸ்தானத்திற் பூட்டுவதற்கும், ஒன்றும் நொண்டாத காலத்தில் ஒவ்வொன்றும் முறைவைத்து ஒரு நாள் ஓய்ந்திருப்பதற்குமாம். இவ்வளவு ஜாக்கிரதையாய் நடத்தியும், ஐந்து வயதில் வாங்கிய குதிரை ஏறக்குறைய ஐந்து வருஷங்களுக்கு மேல் பஸ் வேலைக்கு உதவவில்லை. அந்நகரத்தின் முதன்மையான கம்பெனி தன் கடைசிக் குதிரை பஸ்ஸை 1911ஆம் வருஷத்தில் நிறுத்திற்று.

பெரிய கம்பெனியின் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அதே நகரத்தில் வாடகைக் குதிரை வண்டி ஓட்டிய தனி மனிதரின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. வண்டியில் பூட்டுவது ஒற்றைக் குதிரைதான். ஆயினும் ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு குதிரைகள் வேண்டுமென்பது அத்தொழிலில் வழக்கமாயிருந்தது. காலையில் ஒன்று, அது திரும்பியபின் மற்றொன்று. ஆன்னா ஸீவெல் என்ற ஆங்கில மாது 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' என்னும் கதையில், ஒரு குதிரையே தன் சரித்திரத்தைச் சொல்லுகிறது. இளமையிற் காலில் அடிபட்டு நன்றாய் நடக்கவியலாத அம்மாதுக்குக் குதிரை வண்டியே காலாயிருந்தபடியால், குதிரைகளின் சங்கதி நன்றாய்த் தெரியும். அக்கதையில் வரும் நல்ல வண்டிக்காரருக்குச் சொந்த வண்டி ஒன்றும் குதிரைகள் இரண்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதில்லை என்று ஆறு நாள் லைசென்ஸே எடுத்தவர். அதே கதையில் மற்றொருவர், முதலாளியிடம் வண்டியும் குதிரையும் தினவாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். முதலாளியின் வாடகையைக் கட்டி முடித்த பிறகே தன் வீட்டுக்குக் காசு. ஆகையால் குதிரையும் ஓயவில்லை, மனிதரும் ஓயவில்லை; இறுதியில் மனிதரே இறந்துபோகிறார். கற்பனைக் கதையெனினும் அக்காலத்து வண்டிக்காரர் நிலைமையை அது உள்ளபடி கூறுவதாகும். குதிரை ஓய்வதற்கு வேண்டிய அவகாசத்தை, கையிலுள்ள இரண்டாவது குதிரை கொடுக்கிறது. அது இல்லாதவர், வாடகை கட்டவேண்டிய நாளில், நொண்டுகின்ற குதிரையையே பூட்டும்படி நேரிடுகிறது. நொண்டுகிற குதிரையை இரண்டு நாள் நிறுத்தினால் தேறிவிடும். இரண்டு நாள் ஓட்டினால் இரண்டு மாதம் நிறுத்த நேரும். அந்த இரண்டு மாதமும் கொள்ளுக்கும் புல்லுக்கும் கடன் வாங்க வேண்டும்.

மாட்டைப்போல் குதிரைக்கும் இரவு ஒரு வேளை ஓய்வு போதாதா எனில், இரண்டிற்கும் வயிற்றின் அமைப்பு வேறு. மாடு அவசரமாய் மேய்ந்துவிட்டு நிழலிற் படுத்து அசைபோடும். அதன் ஓய்வு நேரமே ஆகாரம் செரிக்கும் நேரமுமாகும். குதிரை அசைபோடும் பிராணியன்று. பெரிய மாட்டின் முதல் இரைப்பை 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். குதிரையின் இரைப்பையோ 8 முதல் 15 லிட்டர் அளவினதே. அது கொஞ்சங் கொஞ்சமாக, ஓயாமல் தின்னவேண்டிய பிராணி. புல்வெளியில் தன்னிச்சையாய் விட்டால் நாளொன்றில் ஏறத்தாழ 14 முதல் 16 மணி நேரம் மேயும். காலை முதல் மாலை வரை சேணத்தோடு நிற்கும் குதிரைக்கு இந்த நேரம் எங்கிருந்து வரும்? அந்தக் குறையை ஈடுசெய்யவென்று மாலையில் ஒரே தடவையாகக் கொள்ளும் தானியமும் கொட்டுவதனாற்றான் பல குதிரைகளுக்கு வயிற்றுவலி கண்டு உயிருக்கே ஆபத்தாகிறது. குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். இரண்டு குதிரைகள் முறைவைத்து உழைத்தால், ஒன்று சுமக்கையில் மற்றொன்று தின்றுகொண்டிருக்கும்.

இனி, வேலைக் கணக்கில் அடங்காத காரணம் ஒன்றுண்டு. குதிரை கூட்டமாய் வாழப் பிறந்த பிராணி. நின்றபடியே கண்ணயரக் கூடியதாயினும், ஆழ்ந்த நித்திரைக்கு அது படுத்தே ஆகவேண்டும்; கூட்டத்திலே சில படுத்திருக்க, ஒன்றேனும் நின்று காவல் காக்கும். தனியே கட்டிய குதிரைகளிற் சில இரவெல்லாம் படுக்க அஞ்சும். கட்டையைக் கடித்தல், இடமும் வலமுமாய் ஓயாது ஆடுதல் முதலிய லாயத் துர்க்குணங்களும் பெரும்பாலும் தனிமையினாலும் அடைபட்டிருப்பதனாலும் வருவன. துணைக்கென்று கழுதையோ ஆடோ கட்டுவோரும் உண்டு. அதுவும் ஓரளவு பயன் தரும். ஆனால் வேடிக்கை யாதெனில், இரண்டே குதிரைகள் வைத்திருப்பவருக்கு வேறொரு தொல்லை நேரிடும். ஒன்றைச் சவாரிக்குக் கொண்டுபோனால் லாயத்தில் நிற்பது கனைத்துக் கயிற்றை அறுக்கப் பார்க்கும். வெளியே சென்றதும் பாதி வழியில் திரும்பப் பார்க்கும். இதனாலேயே மூன்றாவது வாங்கினவர்கள் அநேகர். அவர்களைக் கண்டு நகைப்பவர், அந்தக் கனைப்பை ஒரு நாள் முழுவதும் கேட்டவரல்லர்.

பல குதிரைகள் வைத்திருப்பது ஒரு தேசத்தாரின் ஜீவனமுறையாகவே இருப்பதை மங்கோலியாவிற் காணலாம். அந்நாட்டில் மனிதரைவிடக் குதிரைகளின் தொகை அதிகம். 13ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுப் போர்வீரன் ஒவ்வொருவனும் மூன்று நான்கு குதிரைகளை உடன் ஓட்டிச் சென்று, ஒன்று களைத்தால் மற்றொன்றின்மேல் மாறியேறி நெடுந்தூரம் போனான். அரசாங்கத் தபாலும் வழிநெடுக வைத்த நிலையங்களில் குதிரை மாற்றியே ஓடிற்று. யுத்தம் போன பின்னும் மேய்ச்சற்காரர் வழக்கம் மாறவில்லை. அவர்களிடத்தில் எல்லாக் குதிரையும் ஒரே வேலைக்கன்று. பொலிகுதிரை தன் பெட்டைகளை ஓநாயினின்று காத்துக் கூட்டத்தை நடத்தும். பெட்டைகள் குட்டிக்கும் பாலுக்கும். கோடையில் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒரு தரம் கறந்து, அப்பாலைப் புளிக்கவைத்து 'ஐரக்' என்ற பானம் செய்கிறார்கள். ஏறிச் செல்வதற்கு உதவுபவை பெரும்பாலும் காயடித்த ஆண் குதிரைகளே. ஒன்றைச் சில நாள் கடுமையாக ஏறிவிட்டால், அதைக் கூட்டத்தோடு விட்டுவிட்டு, நீண்ட கழியிற் சுருக்குக் கயிறு கட்டிய கருவியால் வேறொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். விடப்பட்டது மேய்ந்து சதை பிடிக்கும் வரையில் திரும்பப் பிடிக்கப்படுவதில்லை. அங்கே மேய்ச்சல் நிலம் விசாலமாதலாலும் தீனிக்குப் பணம் செலவில்லையாதலாலும் இது இயலுகிறது. மேலும், பனி இறுகிப் புல்லை மூடிவிடும் கொடிய மாரிக்காலம் அந்நாட்டில் இடையிடையே வரும். 2009-10ஆம் வருஷத்து மாரியில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. அத்தகைய வருஷத்தில் பத்து வைத்திருப்பவனுக்கு இரண்டு மூன்றாவது மிஞ்சலாம். ஒன்று வைத்திருப்பவனுக்கு ஒன்றும் மிஞ்சாமற் போகலாம்.

நம் நாட்டில் பனியில்லை. ஆனால் முதுமை எங்கும் உண்டு. குதிரை 25 வருஷத்திற்கு மேலும் உயிரோடிருக்கக் கூடியது; நன்றாய் உழைப்பதோ சுமார் நாலு வயது முதல் பதினைந்து பதினெட்டு வரையில்தான். பெட்டையாயின் சினைக்காலம் 11 மாதம். அதன் பிற்பகுதியிலும், குட்டி பால் மறக்கும் வரையிலும் கடுமையான வேலை வாங்கலாகாது. ஒற்றைப் பெட்டையை வைத்திருப்பவர், குட்டி வேண்டுமென்றால் வருமானத்தையும், வருமானம் வேண்டுமென்றால் குட்டியையும் விட்டுவிட நேரிடுகிறது. இளங்குதிரையொன்று பழைய குதிரையின் பக்கத்தில் நடந்து பழகினால், ஜனக்கூட்டத்திற்கும் மோட்டார்ச் சப்தத்திற்கும் அஞ்சாமை விரைவில் வரும்.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த தீனி வேண்டும். 300 கிலோ எடையுள்ள நம் ஊர்ச் சிறு குதிரைக்கு நாளைக்கு 6 கிலோ. வருஷத்திற்கு இரண்டு டன்னுக்கு மேலாகும். இரண்டாவது குதிரை வந்தால் இது அப்படியே இரட்டிக்கும். லாடச் செலவும் கூடும். ஆனால் கொட்டகை, காவல், பார்த்துக்கொள்ளும் ஆளின் நேரம், சேணம் ஆகியவை இரட்டிப்பதில்லை. வருமானமும் இரட்டிக்குமென்று எதிர்பார்த்தல் தவறு. சவாரிக்கு வருபவர் தொகை நம் கையிலில்லை. இரண்டாவது குதிரையால் உண்மையில் லாபமாவது, வேலை செய்யாமல் வீணாகும் நாட்கள் குறைவதும், முதற்குதிரையின் உழைக்குங்காலம் நீளுவதுமேயாம்.

தொத்துவியாதி மற்றோர் அபாயம். 1872ஆம் வருஷத்து இலையுதிர்காலத்தில் கனடாவின் டொரான்டோ நகரில் தோன்றிய குதிரைச் சளிக்காய்ச்சல், சில வாரங்களுக்குள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பகுதிக்கும் பரவிற்று. இறந்தவை சிலவே, ஆயினும் நூற்றுக்கணக்கில் குதிரை வைத்திருந்த கம்பெனிகளும் ஒரே சமயத்தில் வண்டியை நிறுத்தின. நவம்பரில் பாஸ்டன் நகரம் தீப்பற்றியபொழுது, தீயணைக்கும் எந்திரங்களை மனிதரே இழுத்துப்போக நேர்ந்தது. ஒரே லாயத்தில் பலவற்றைக் கட்டுவது நொண்டுதலுக்குப் பரிகாரமேயன்றி வியாதிக்குப் பரிகாரமாகாது. சந்தையிலிருந்து புதிதாய்க் கொண்டுவந்த குதிரையை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி, தண்ணீர்த் தொட்டியையும் வேறாக வைத்த பின்னரே பழையதோடு சேர்க்கவேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் என்னும் நோய் கண்டால் குதிரையைக் கொன்றுவிட நேரும் என்பதை அறிந்தவர் இதில் அசட்டையாயிரார்.

இத்தகைய நஷ்டத்தைத் தனி மனிதர் தாங்குவது அரிது. இங்கிலாந்தின் கிராமங்களில் ஏழைக் குடியானவர்கள் பசு சங்கம் என்று ஏற்படுத்திக்கொண்டு, சிறு சந்தா செலுத்தி, அங்கத்தினர் ஒருவரின் பசு இறந்தால் நிதியிலிருந்து ஈடு கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மாவிலும் உழவு மாடுகளுக்கு ஐக்கிய இன்ஷியூரன்ஸ் சங்கங்கள் ஏற்பட்டன. இத்தகைய சங்கங்களில் முழுக் கிரயத்தையும் கொடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தல் நல்ல ஏற்பாடு. முழுவதும் கிடைக்குமாயின் பிராணியைக் காப்பாற்றும் கவலை குறைந்துவிடும். ஒருவர் குதிரையை மற்றவர் நாள்தோறும் பார்க்கும்படியான சிறிய ஊரில், பொய்யாக மதிப்பை உயர்த்துவதும் எளிதன்று. இரண்டாவது குதிரை வாங்கச் சக்தியில்லாத மூவர் சேர்ந்து நான்காவது குதிரை ஒன்றைப் பொதுவில் வைத்து, எவருடையது நொண்டுகிறதோ அவர் எடுத்துக்கொள்வதென்று ஏற்படுத்துவதும் கூடும். இதற்குத் தினக்கணக்கும், தீனிச் செலவு யாரைச் சேர்ந்தது என்ற எழுத்து மூலமான உடன்படிக்கையும் இன்றியமையாதவை. இவையில்லாமல் தொடங்கினால், குதிரை நொண்டுமுன் சிநேகம் நொண்டிவிடும்.

ஆகையால் மேற்கண்ட மனு வரும்பொழுது கமிட்டியார் விசாரிக்க வேண்டுபவை சில. முதற்குதிரையின் வயது என்ன? பல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பதின்மூன்று வயதானால் இரண்டாவது வாங்கும் காலம் வந்துவிட்டது. ஆறு வயதாயின் சிறிது பொறுக்கலாம், அன்றேல் பொதுக்குதிரையில் சேர்த்துவிடலாம். வாங்கப்போவது இளங்குதிரையா, பழகியதா? புல்லுக்கு நிலமுண்டா, விலைக்கு வாங்கவேண்டுமா? கடன் தொகையிற் குதிரையின் கிரயத்தோடு மூன்று மாதத் தீனிச் செலவையும் சேர்த்தே மதிப்பிடுதல் நலம். புதுக்குதிரை வந்த உடனே சம்பாதிப்பதில்லை. தவணையை மாதந்தோறும் சமமாக வைக்கலாகாது. மலையூர்களில் சவாரி வருமானம் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடையில் மிகுந்தும், மழை மாதங்களில் குன்றியும் வரும். பெருந்தவணைகளைக் கோடைக்கு வைத்து, மழை மாதங்களில் வட்டி மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். அவ்வாறின்றி மழை மாதத்திலும் முழுத்தவணை கேட்டால், சங்கத்திற்கு வந்து சேருவது கொள்ளு வாங்க வைத்திருந்த பணமாயிருக்கும்.